கதவைத் திறந்து வைத்த கம்ப்யூட்டர்

மல்லேஸ்வரத்திற்கும் யஷ்வந்தபுரத்திற்கும் அருகே மரங்கள் அடர்ந்து நிற்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நம்மவர்கள் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று சொல்லித்தான் பழக்கம். மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே இருக்கும் பலருக்குத் தெரியாது. ஆனால் ஒருமுறை, அங்கே பிறந்த ஒரு கருவியை மதிலுக்கு வெளியே வைத்து, "யார் வேண்டுமானாலும் தயாரியுங்கள்" என்று சொல்லிப் பார்த்தார்கள்.

அதன் பெயர் சிம்ப்யூட்டர். சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நான்கு பேராசிரியர்களும், என்கோர் என்ற பெங்களூர்க் கம்பெனியாரும் கைகோத்து உருவாக்கியது. 2001-ல் மாதிரி வெளியாயிற்று. உள்ளங்கையில் அடங்கும். கீபோர்டு கிடையாது, சிறு குச்சியால் திரையைத் தொட்டால் போதும். எழுத்தறியாதவருக்காக, திரையில் உள்ளதை இந்திய மொழியில் வாசித்தும் காட்டும்.

விலை சுமார் 9,000 ரூபாய் என்று திட்டம். குடியானவரிடம் அவ்வளவு பணம் ஏது? ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு என்றார்கள். வாடகை சைக்கிள் மாதிரிதான்!

இதைவிடப் புதுமை அதன் லைசென்ஸ். கருவியின் வரைபடம் ஒரு டிரஸ்டின் பொறுப்பில் இருந்தது, ரகசியம் அல்ல. கட்டணம் செலுத்தி எவரும் தயாரித்து விற்கலாம். ஒருவர் அதில் ஒரு மாற்றம் செய்தால், சில காலம் அதன் லாபத்தை அனுபவித்துவிட்டு, பிறகு அந்த விவரத்தை டிரஸ்டிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார். ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுப்பவரே தூரும் வாருவதைப் போன்ற ஏற்பாடு.

பலன்? 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றுவிட்டது. மலிவான செல்போன் முந்திக்கொண்டது. தயாரிக்க முன்வந்தவர்களும் மிகச் சிலரே. வரைபடம் கையில் கிடைத்தால் மட்டும் ஆயிற்றா? முதல் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும், மொத்தமாக வாங்க ஒருவர் வேண்டும். கதவைத் திறந்தவர்கள் உள்ளே வருவோருக்குப் பாதை போடவில்லை என்பதே எமது எண்ணம்.

பாதை போட்ட அனுபவம் அதே வளாகத்தில் முன்பே இருந்தது. 1974-ல் பேராசிரியர் அமுல்ய ரெட்டி அங்கு தொடங்கிய 'அஸ்த்ரா' பிரிவு, துமகூரு மாவட்டத்து உங்ரா கிராமத்திலேயே ஒரு நிலையம் அமைத்தது. அங்கிருந்து பரவிய 'அஸ்த்ரா ஒலே' விறகு மிச்சமாகும், புகை குழாய்வழி வெளியேறும் மண் அடுப்பு. அதைக் கட்டுவதற்குக் கம்பெனி தேவையில்லை, பழகிய கை போதும்.

ஆண்டுக்கு ஒருநாள், 'ஓப்பன் டே' அன்று, இன்ஸ்டிடியூட் வாசல் பொதுமக்களுக்குத் திறக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள இயந்திரங்களைப் பார்த்து அதிசயித்த பிறகு, "இதை எங்கள் தெரு ஒர்க்‌ஷாப்பில் செய்ய முடியுமா?" என்றும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.