முதுமைத் தளர்ச்சி: "வயசு போட்டுது" என்று விட்டுவிடலாமா?

முதுமை ஒரு நோயல்ல. ஆனால் முதுமையில் காணும் எல்லாத் தளர்ச்சியும் வயதினால் மட்டும் வருவதில்லை. வீட்டில் தாயொருவர் மெலிந்துபோனால், நடை தளர்ந்தால், அடுப்படிக்கு வருவதை நிறுத்திவிட்டால் "வயசு போட்டுது, இனி என்ன செய்யிறது" என்கிறோம். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்றால் "கவலைதான் அவவைத் தின்னுது" என்கிறோம். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், கவனித்தால் குறைக்கக்கூடிய ஒரு நிலை இந்தப் பேச்சுக்குள் மறைந்துபோகிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 வீதமானோர் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் ஆவர். அதன்பின் இத்தொகை மேலும் உயர்ந்துள்ளது. வடக்கு கிழக்கில் இவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களின் தோள்களிலேயே விழுகிறது. கணவனை இழந்து, கூலிவேலைக்குச் சென்று, பிள்ளைகளைப் படிப்பிக்கும் அதே பெண்தான் தாயையோ மாமியையோ பார்க்கிறார். முதியவர் படுக்கையில் விழுந்தால் அவருடைய உழைப்பும் நின்றுவிடுகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

2001இல் அமெரிக்க வைத்தியர் லிண்டா ஃபிரைட் தலைமையிலான குழுவினர் தளர்ச்சியின் ஐந்து அறிகுறிகளை வகுத்தனர். முயற்சி எதுவுமின்றி எடை குறைதல், எப்போதும் களைப்பு, கைப்பிடியில் பலம் குறைதல், நடையின் வேகம் குறைதல், உடலசைவு குறைதல் என்பனவே அவை. மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் தளர்ச்சி. ஒன்று அல்லது இரண்டு இருந்தால் அதன் ஆரம்பம். ஆரம்பத்திலேயே கவனித்தால் பலன் அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் கூறும் எளிய சோதனையொன்றை வீட்டிலேயே செய்யலாம். கதிரையொன்றைச் சுவரோடு வைத்து, கைகளை ஊன்றாமல் 5 தடவைகள் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 14 செக்கன்களுக்குள் முடியவில்லை என்றாலோ, மூன்று மாதங்களில் 3 கிலோவுக்கு மேல் எடை குறைந்திருந்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

படுக்கை தரும் பலவீனம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய குடும்பமொன்றில் 76 வயதுத் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் மருமகள் பயந்துபோனார். "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம் மாமி, படுத்திருங்கோ" என்று சொல்லி, போத்தலில் தேநீரும் பக்கத்தில் பாணும் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தது. அங்கே தனியே போகப் பயந்து மாமியார் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். மூன்று மாதங்களில் அவரால் பிடி இல்லாமல் எழும்ப முடியவில்லை.

இது அன்பினால் நேர்ந்தது. ஆனால் தசை அன்பை அறியாது. வேலை கொடுத்தால்தான் நிற்கும். 2007இல் வெளியான ஆய்வொன்றில், ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது அவர்களது கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்துபோனது.

அந்தக் குடும்பத்தினர் பெருஞ்செலவு எதுவும் செய்யவில்லை. வாசலிலிருந்து மலசலகூடம் வரை கம்புகள் நட்டுக் கைபிடி கட்டினார்கள். பாதையில் கிடந்த கல்லை அகற்றினார்கள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பேரப்பிள்ளை அப்பம்மாவைக் கேற்றடி வரை நடத்திக்கொண்டு போவான். கீரை ஆய்வதும் வெங்காயம் உரிப்பதும் மீண்டும் அவருடைய வேலையாயின. அவர் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் இரண்டு மாதங்களில் மலசலகூடத்துக்குத் தனியே போய் வந்தார். மருமகளும் மனப்பயமின்றி வேலைக்குப் போனார்.

தேநீரும் பாணும் போதாது

முதியவர்களுக்குச் சாப்பாடு குறைவாகப் போதும் என்பது தவறான எண்ணம். பசி குறையலாம்; ஆனால் புரதத் தேவை குறைவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டுமென நிபுணர்கள் கூறுகின்றனர். 45 கிலோ எடையுள்ள தாய்க்கு இது 45 முதல் 54 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். எனவே பருப்பு, பயறு, கௌபி, நெத்தலி, முட்டை ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து கொடுங்கள். பல் இல்லாதவருக்கு மசித்து அல்லது கஞ்சியாக்கிக் கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரின் ஆலோசனையின்படியே புரத அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரஷருக்கும் நித்திரைக்கும் எடுக்கும் குளிசைகள் சிலருக்குத் தலைச்சுற்றையும் விழுகையையும் ஏற்படுத்துவதுண்டு. வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். நித்திரை இல்லை, எதிலும் மனமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் அரச வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சை உண்டு.

உரிமைகளை அறிந்திருங்கள்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்த அனைவருக்கும் உரியது. முதியோர் அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். வசதியிருந்தும் பிள்ளைகள் கைவிட்டால், தன்னைத் தானே பராமரிக்க இயலாத பெற்றோர் இச்சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். வெளிநாட்டிலுள்ள மகனிடமோ கொழும்பிலுள்ள மகளிடமோ பராமரிப்பில் பங்கு கேட்பது பிச்சையல்ல.

சகோதரிகளே, பராமரிப்பவர் ஒருவரே என்றால் அவரும் ஒருநாள் விழுந்துவிடுவார். உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தனித்திருக்கும் முதியவர்கள் எத்தனை பேர், யார் எந்த நாளில் எட்டிப் பார்ப்பது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு பின்னேரம் அயல்பெண் வந்து உங்கள் தாயோடு இருந்தால், அந்த இரண்டு மணித்தியாலத்தில் நீங்களும் ஓய்வெடுக்கலாம், உங்கள் கிளினிக்குக்கும் போகலாம்.