ஆசையாக நீட்டிய ஆப்பிள்

2020 ஜூலையில், அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் டேனி என்ற குதிரைக்குட்டி செத்துப்போனது. இன்னும் வளர்ந்து முடியாத ஆண்குட்டி. நோயில்லை, காரில் அடிபடவில்லை, புயலும் அடிக்கவில்லை. தொண்டையில் ஆப்பிள் சிக்கிக்கொண்டது.

அந்தக் கடற்கரையில் ஆப்பிள் விளையாது. யாரோ கொண்டுவந்து கொடுத்தது.

காட்டுக்குதிரைகளைப் பற்றி எழுதச் சொன்னால் பிடரி மயிர் பறக்க அலையோரம் ஓடுவதிலிருந்துதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த ஆப்பிள் குறுக்கே வந்துவிட்டது.

ஊரின் பெயர் கொரோலா. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நாடாவைப் போல நீளும் மணல்திட்டு. அந்தத் திட்டுகளுக்கு ‘அவுட்டர் பேங்க்ஸ்’ என்று பெயர், அதனால் குதிரைகளுக்கு ‘பேங்கர்’. நம் ஊர் வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொரோலாவைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு வடக்கே வர்ஜீனியா எல்லை வரைக்கும் கடற்கரை மணல்தான் சாலை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாவிட்டால் மணலில் புதைய வேண்டியதுதான். அந்த மணலில், லட்சக்கணக்கான டாலர் பெறும் வாடகை வீடுகளுக்கு நடுவே, ஏறக்குறைய நூறு குதிரைகள் சுற்றித் திரிகின்றன. 7,500 ஏக்கர் அவற்றின் உலகம். உப்புக்காற்றில் முளைத்த முரட்டுப் புல், ஓக் மரத்துக் கொட்டை, காட்டுப் பெர்சிமன் பழம் ஆகியவைதான் சாப்பாடு. பல தலைமுறையாக அதையே தின்று பழகிய வயிறு.

குட்டையான உடம்பு, உறுதியான கால், சாதுவான சுபாவம். பார்த்தால் மட்டக்குதிரை என்று தோன்றும். ஆனால் கப்பலில் வந்த ஸ்பானியக் குதிரைகளின் வழிவந்தவை இவை. எந்தக் கப்பல் என்பதில்தான் ஆளுக்கொரு கதை. 1526-ல் குடியேற வந்து, காய்ச்சலிலும் கலகத்திலும் கலைந்துபோன ஸ்பானியக் கூட்டம் விட்டுச்சென்றது என்பார் ஒருவர். 1585-ல் இங்கே தரைதட்டிய ஆங்கிலேயரின் ‘டைகர்’ கப்பலிலிருந்து இறக்கியது என்பார் இன்னொருவர். கப்பல் எதுவானாலும் ரத்தம் சாட்சி சொல்கிறது. இந்தக் குதிரைகளின் ரத்தத்தில் இருக்கும் ஓர் அரிய மரபுக்கூறு, போர்ட்டோ ரிக்கோவின் பாஸோ ஃபீனோ குதிரையிலும், மேற்கே பிரையர் மலைக் காட்டுக்குதிரைகளிலும் இருக்கிறது. 2010-ல் வட கரோலினா இந்த இனத்தைத் தன் மாநிலக் குதிரையாக அறிவித்தது.

1926-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் இந்தத் திட்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. பிறகு மேய்ச்சலுக்குத் தடை வந்தது, பாலம் வந்தது, சாலை வந்தது. கொரோலாவில் 1980-களின் நடுவில் பொதுமக்களுக்குச் சாலை திறந்தது. அதுவரை இவ்வளவு வண்டிகளைப் பார்த்திராத குதிரைகள் சாலையில் வந்து நின்றால் என்ன நடக்கும்? ஒவ்வொன்றாக அடிபட்டுச் செத்தன. உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து 1989-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். 90-களில் கடலிலிருந்து கழி வரைக்கும் வேலி போட்டு, குதிரைகளை வேலிக்கு வடக்கே கொண்டுபோய் விட்டார்கள். தார்ச்சாலைச் சாவு நின்றது. வேலிக்குத் தெற்கே கொரோலாவில் ஒரு காட்டுக்குதிரைகூட இல்லை.

காரிலிருந்து தப்பியது சரி, அன்பிலிருந்து எப்படித் தப்புவது?

ஆப்பிளும் கேரட்டும் குதிரை தின்பதுதானே என்று கேட்பீர்கள். லாயத்துக் குதிரை தின்னும். பழக்கமில்லாத தீனி விழுந்தால் காட்டுக்குதிரைக்கு வயிற்றில் சூலை பிடிக்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, போனது போனதுதான். கைத்தீனிக்குப் பழகிய குதிரை வீட்டு வாசலுக்கு வரும், வண்டிக் கண்ணாடிக்குள் மூக்கை நீட்டும், கிடைக்காவிட்டால் கடிக்கும். அப்படிப்பட்டதைப் பிடித்துக் காட்டிலிருந்து கொண்டுபோய்விடுவார்கள். வெளியே போன குதிரை திரும்ப உள்ளே வருவதில்லை. அதோடு அதன் வம்சமும் அந்தக் காட்டைவிட்டுப் போய்விடும்.

ஒரு குதிரை போனால் என்ன என்று விடவும் முடியாது. மரபணுவைச் சோதித்தபோது கொரோலா மந்தையில் தாய்வழி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று தெரிந்தது. அத்தனையும் ஒரே பாட்டியின் பேரன் பேத்திகள். ஒரு காலத்தில் அறுபதுக்கு மேல் குதிரை இருக்கக் கூடாது என்று திட்டம் போட்டிருந்தார்கள். மரபியல் அறிஞர்கள் நூற்றிப் பத்துக்குக் கீழே இறங்காதீர்கள் என்றார்கள். புது ரத்தம் வேண்டுமென்று 2014-ல் தெற்கே சீடர் ஐலண்டிலிருந்து கஸ் என்ற பொலிகுதிரையைக் கொண்டுவந்து விட்டார்கள். சரியான நேரத்தில் செய்த வேலை. 2019 செப்டம்பரில் டோரியன் சூறாவளி வந்தபோது சீடர் ஐலண்டில் கடல் ஏறி 28 காட்டுக்குதிரைகளை அடித்துக்கொண்டு போனது. ஒரே நாளில் அவ்வளவும் போனது. ஷாக்கிள்ஃபோர்ட் தீவிலும் இதே இனம் நூற்றுச் சொச்சம் இருக்கிறது. அவற்றுக்கு 1998-ல் தனிச் சட்டமே போட்டுக் காவல் வைத்தார்கள். கொரோலாவுக்கு அதுபோல ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

இவை வெளியிலிருந்து வந்த விலங்குகள், புல்லைத் தின்று பறவைகளின் இடத்தைக் கெடுக்கின்றன என்று சொல்லும் வனவுயிர் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நாலரை நூற்றாண்டு அங்கே கிடந்ததை வெளியாள் என்றால், கடலோரத்தில் பத்துப் படுக்கையறை வீடு கட்டியவரை என்னவென்று சொல்வது?

கவுண்டி நிர்வாகம் ஒரு விதி வைத்திருக்கிறது: குதிரையிடமிருந்து 50 அடி தள்ளி நிற்க வேண்டும். தீனி கொடுக்கக் கூடாது, தொடக் கூடாது. மீறினால் அபராதம். எளிய விதிதான், ஆனால் கையில் கேமரா இருப்பவருக்கு ஐம்பதடி வெகுதூரம். குழந்தையைக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்க வேண்டும், குதிரை தலையைத் திருப்ப வேண்டும், அதற்கு ஒரு கேரட். அவ்வளவுதான் நடக்கிறது. கெட்ட எண்ணமில்லை. கெட்ட எண்ணம் இருந்தாலாவது போலீஸைக் கூப்பிடலாம்.

அதே மாநிலத்தின் ராலே, கேரி நகரங்கள் பக்கம் நம்மவர் குடும்பங்கள் நிறைய. கோடை விடுமுறையில் நாலைந்து வீட்டார் சேர்ந்து அவுட்டர் பேங்க்ஸில் வீடெடுத்துத் தங்குவது அங்கே வழக்கம். ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகளையும் அழைத்துப் போவார்கள். கூடையில் ஆப்பிளும் இருக்கும். வாயில்லாச் சீவனுக்கு ஒன்று கொடேன் என்று முதலில் சொல்வது பாட்டியாகத்தான் இருக்கும். பாட்டி, உங்களுக்குத்தான் சொல்கிறேன்: அந்த ஆப்பிளை நறுக்கிப் பேரனுக்குக் கொடுங்கள். குதிரைக்கு அங்கே புல் இருக்கிறது.