பக்கத்து ஏரி – 3: விடியும் முன் மீன்கள் ஏன் மேலே வருகின்றன?

சென்ற வாரம் கரையில் நின்று பேசினோம். இந்த வாரம் தண்ணீருக்குள் இறங்குவோம்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் இருட்டு பிரியும் முன்பே நடக்க வருபவர்கள் சில நாட்களில் இதைப் பார்த்திருப்பார்கள்: நீர்மட்டத்தில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடும். இரை எடுக்கின்றன என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அவை மூச்சுக்குத் தவிக்கின்றன.

பகலில் தண்ணீரிலுள்ள பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. ஆக்சிஜனைத் தண்ணீரில் விடுகிறது. இரவில் அந்தச் சமையல் நின்றுவிடும். ஆனால் மூச்சு நிற்காது. மீன், புழு, பாக்டீரியா, அந்தப் பாசியும்கூட, விடிய விடிய ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஏரியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான்.

கழிவுநீர் கலந்தால் இந்தக் கணக்கு மோசமாகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். பாசி கொழுத்து, செத்து, அடியில் படிகிறது. அதை மக்கவைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. அதே உரத்தைத் தின்று ஆகாயத்தாமரையும் படர்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி ஏரியைப் போர்த்தி, உள்ளே வெயில் விழாமலும் மேலே காற்று படாமலும் செய்துவிடும். ஏரியில் முளைத்த செடி ஏரியையே மாற்றிவிடுகிறது. உயிர்களும் அவற்றின் சுற்றுப்புறமும் ஒன்றையொன்று உருவாக்கும் இந்த உறவைப் படிக்கும் அறிவுக்கு 1866-ல் ஜெர்மானிய உயிரியலாளர் ஹேக்கல் பெயர் வைத்தார். தமிழில் அதைச் சூழலியல் என்கிறோம்.

இந்த நெருக்கடியில் கெண்டைகள் முதலில் சாகும். விரால் தப்பிக்கும், அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். மேலே வர விடாமல் வலையில் சிக்கவைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீனான ஜிலேபியும் குறைந்த ஆக்சிஜனில் சமாளித்துவிடும். ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் முங்க இடமில்லை. நீண்ட விரல்களுள்ள இலைக்கோழிக்கோ அதுவே நடைபாதை.

நம் வீட்டுக்குள் வருவது கொசு. அதன் புழு வால் பக்கமுள்ள குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிச் சுவாசிக்கிறது. ஆகவே தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. அதைத் தின்னும் மீன் செத்துப்போனால் கொண்டாட்டம்தான். தெருவில் புகை அடிப்பதோடு கொசு ஒழியாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

2019 கோடையில் வறண்டுபோன இந்த ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளிய ஊர்க்காரர்களை நன்றியோடு நினைக்கிறேன். அதே ஆண்டு ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. தூர்வாரினால் ஏரி ஆழமாகும். கழிவுநீர் வரும் வழியை அடைத்தால்தான் ஏரிக்கு மூச்சு வரும். இரண்டாவது வேலை கடினமானது. அதை விட்டுவிட்டால் முதல் வேலைக்குக் கொட்டிய பணம் சில ஆண்டுகளில் சேறாகிவிடும்.

மழைக்காலத்தில் இந்த ஏரி நிறைந்தால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. 2022-ல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புக்கு அடுத்த வாரம் இந்தத் தண்ணீரோடு நாமும் போவோம்.