பல் முளைக்க வழி திறக்கும் குருத்தணுக்கள்: பால் பல்லைச் சேமிப்பதால் பயன் உண்டா?

குழந்தையின் ஈறைப் பிளந்து வெளிவரும் பல், தன் வலிமையால் முட்டி மேலெழுவதாகவே தோன்றும். உண்மையில் அதற்கு வழி திறந்துவிடுவது, தாடைக்குள் பல்லைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறையாகும். ஸ்டெம் செல்கள் எனப்படும் குருத்தணுக்கள் இந்த உறையில் உள்ளன.

அமெரிக்க ஆய்வாளர்கள் கஹில், மார்க்ஸ் ஆகியோர் 1980-களில் நாய்களிடம் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவுபடுத்தின. உறையை அகற்றியபோது பல் முளைக்கவில்லை. உறையை விட்டுவைத்து, பல்லுக்குப் பதிலாக அதே வடிவ உலோகத் துண்டைப் பொருத்தியபோது, அந்த உலோகமும் மேலெழுந்தது.

உறையிலுள்ள செல்கள் அனுப்பும் ரசாயன சமிக்ஞைகள், எலும்பைக் கரைக்கும் செல்களை அங்கு வரவழைக்கின்றன. இதனால் பல்லுக்கு மேலுள்ள எலும்பு கரைந்து பாதை உருவாகிறது. பின்னர், பல்லின் வேரைத் தாடையுடன் பிணைக்கும் தசைநாரும், அதைத் தாங்கும் எலும்பும் இதே உறையின் குருத்தணுக்களில் இருந்தே உருவாகின்றன.

இந்தச் சமிக்ஞை தவறினால் பல் தாடைக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். 'பிடிஎச்1ஆர்' என்ற மரபணுவில் குறைபாடு உள்ள சிலருக்கு, தடை ஏதும் இல்லாதபோதும் கடைவாய்ப் பற்கள் முழுமையாக வெளிவருவதில்லை. எலிகளின் பல் உறைக் குருத்தணுக்களில் இந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, பல்லின் வேர் குறுகி, பல் முளைப்பதும் தடைபட்டதாக 2019-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

முளைத்த பல்லின் உட்புறத் திசுவிலும் குருத்தணுக்கள் உள்ளன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2000-இல் ஞானப் பல்லிலும், 2003-இல் விழுந்த பால் பல்லிலும் அவற்றைக் கண்டறிந்தனர். ஆனால், பல்லின் எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. சிதைந்த எனாமல் மீண்டும் வளராததற்கு இதுவே காரணம்.

இழந்த திசுவை மீட்கக் குருத்தணுக்கள் மட்டும் போதாது. உரிய சமிக்ஞையும், செல்கள் பற்றி வளர்வதற்கான தளமும் தேவை. உடலுக்கு ஒவ்வும் இத்தகைய பொருள்களை உருவாக்கும் பணியில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் பூஜப்புரை வளாகம் நீண்ட காலமாக ஈடுபட்டுள்ளது. எலும்புக் குழிகளை நிரப்பும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் அங்கு உருவானதே. இது குருத்தணு சிகிச்சை அல்ல. எலும்பு மீண்டும் வளர உதவும் பொருள்.

எனவே, பால் பல்லைப் பணம் கட்டிச் சேமிக்குமாறு கூறும் விளம்பரங்களைப் பெற்றோர் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரி தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க மட்டுமே அனுமதிக்கின்றன. பல் உள்ளிட்ட பிற திசுக்களை வணிக ரீதியில் சேமிக்க அவற்றில் அனுமதி இல்லை.

உரிய வயது கடந்தும் குழந்தைக்குப் பல் முளைக்காவிட்டால், பல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே மூலம் காரணத்தை அறிவதே முதலில் செய்ய வேண்டியது.