உங்களுக்குத் தெரியுமா? ஸ்டேஷனிலேயே பனிச்சறுக்கு!
டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறினால் சுமார் 75 நிமிடத்தில் காலா யுசாவா. 1990இல் திறந்த இந்த ஸ்டேஷன் பனிக்காலத்தில் மட்டும்தான் இயங்கும். டிக்கெட் கதவைத் தாண்டினால் எதிரிலேயே சறுக்குப் பலகை வாடகைக்கு. அங்கிருந்தே மலைக்குக் கோண்டோலா. காலையில் போய் மாலையில் திரும்ப இதுதான் தோது.

மாவுபோல் உதிரும் பனிதான் வேண்டுமா? வடக்கே ஹொக்கைடோவின் நிசெகோவுக்குப் போங்கள். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து அங்கே கொட்டுகிறது.

எங்கள் ஓட்டு நாகானோவின் நொசாவா ஒன்சென் கிராமத்துக்கே. விழுந்து எழுந்து வலிக்கும் உடம்பை ஊறப்போட, ஊர்மக்களே பராமரிக்கும் 13 வெந்நீர்க் குளியலிடங்கள் அங்கே உண்டு. உடம்பைக் கழுவிக்கொண்டுதான் தொட்டியில் இறங்க வேண்டும். சூடு பலமாக இருக்கும். முதலில் கால்விரலை நனைத்துப் பாருங்கள்!