பேரனுக்கு ஒரு ஹெட்போன்

ரயில்வேயில் 38 ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு, வீட்டில் ரிப்பேர் வேலை தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில், சென்ற கோடை விடுமுறையில் பேரனின் ஹெட்போன் வந்து நின்றது.

"தாத்தா, இதைப் போட்டா அரை மணி நேரத்துல காது வலிக்குது. கேம்ல எதிரி எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றான்னும் தெரியல" என்றான். எட்டாம் வகுப்பு முடித்த பையன். பெட்டியின் படத்தையும் அதில் அச்சிட்டிருந்த பெரிய பெரிய எண்களையும் நம்பி, அவன் பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஆகவே குற்றவாளியே நீதிபதியாகவும் இருக்க வேண்டியதாயிற்று.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 390 கிராம். வளையம் இடுக்கி மாதிரி இறுக்கியது. காதை மூடும் கிண்ணம் சிறியது. காது அதற்குள் அடங்காமல், மெத்தை காதுமடலின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பையன் மூக்குக்கண்ணாடி போடுபவன். கண்ணாடிக் காம்பு போகும் இடத்தில் மெத்தை தூக்கிக்கொண்டு ஓர் இடைவெளி. என் கண்ணில் பட்டது அந்த இடைவெளிதான்.

பழைய வாக்குவம் பிரேக் வண்டிகளில் வேலை பார்த்த அன்பர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். குழாயில் எங்கோ ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், எத்தனை நேரம் இழுத்தாலும் வாக்குவம் நிற்காது. மூடிய வகை ஹெட்போனிலும் அதே கதை. கிண்ணத்துக்கும் காதுக்கும் நடுவே அடைபட்ட காற்றைத் தள்ளித்தான் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும், பேஸ் கிதாரும் நமக்குக் கேட்கின்றன. விளிம்பில் காற்றுப் போனால் முதலில் தொலைவது இந்தக் கீழ் ஒலிகள்தான். "பேஸ் வரலையே" என்று பையன் வால்யூமை ஏற்றுகிறான். கீழ் ஒலியோடு சேர்ந்து மேல் ஒலியும் ஏறிக் காதைக் குத்துகிறது. வசதி வேறு, ஒலி வேறு என்று நாம் நினைக்கிறோம். தலையில் சரியாக உட்காராத ஹெட்போன் நன்றாகப் பாடாது.

இந்தத் தொல்லை ஹெட்போன் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1910ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். 1958இல் ஜான் காஸ் என்பவர் பாட்டுக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ஹெச்.டி. 414 என்று ஒன்றை வெளியிட்டது. மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த, கனமே தெரியாத சாதனம். பின்பக்கம் அடைக்காமல் திறந்தே விட்டிருந்தார்கள். திறந்த வகை என்று இன்று சொல்வது இதைத்தான். காற்றோட்டம் இருப்பதால் காது வியர்க்காது. பாட்டும் எதிரே மேடையில் நடப்பது போல விரிந்து கேட்கும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே பாடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பிரதான சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் அதை வைத்துக்கொண்டு திருப்புகழும் கேட்க முடியாது, கேமும் ஆட முடியாது. அமைதியான அறை வாய்த்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

பேரனின் ஹெட்போனைச் சரிபார்ப்பதற்காக, இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்'டைப் போட்டேன். பாட்டில்லாமல் வாத்தியங்கள் மட்டும் என்பதால் சோதனைக்கு ஏற்றது. சிறிது நேரம் நான், சிறிது நேரம் அவன் என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். ஓரிடத்தில் அவன், "தாத்தா, இங்க ஏதோ சலங்கை மாதிரி மெல்லிசா கேக்குதே, என்ன அது?" என்றான். வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தை மூன்று முறை திருப்பி வைத்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். டீசல் ஷெட்டில் 2,600 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதிக்கும்போது பக்கத்திலேயே நின்று நானும் நண்பர்களும் கத்திப் பேசிக்கொள்வோம். காதுமூடி கொடுத்திருந்தார்கள். அது என் அலமாரியில் புத்தம் புதிதாக இருந்தது. போட்டுக்கொண்டால் கௌரவக் குறைச்சல் என்று ஒரு நினைப்பு. ஓய்வு பெற்ற பிறகு எடுத்த செவித்திறன் படத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குமாம். உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால், எனக்குப் பேச்சு கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. சிரிக்கிற இடத்தில் சிரித்துவைக்கிறேன்.

என் காது கெட்டது சம்பளத்துக்காக. பையன் காது நான் கொடுத்த பிறந்தநாள் பரிசால் கெடலாமா? அன்றைக்கே அந்த ஹெட்போனை அலமாரியில் வைத்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 80இல் 40 மணி என்றால், 83இல் 20 மணி, 86இல் 10 மணி. 95ஐத் தொட்டால் ஒன்றேகால் மணி நேரத்தோடு வாரக் கணக்கு தீர்ந்தது! காதுக்கு 3 டெசிபல் பெரிதாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள வஞ்சகம். பல கைப்பேசிகளில் வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்க வசதி இருக்கிறது. பேரனின் பேசியில், அவன் சம்மதத்தோடு, வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோடுக்கு நடந்தோம். முதல் கடையில் பெட்டியைப் பிரிக்கவே மாட்டோம் என்றார்கள். போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவோமா? வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது கடைக்காரர் நல்லவர். "ஹாக்கொண்டு நோடி சார்" என்று நான்கைந்தை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் பையன் கண்ணாடியைக் கழற்றாமல் போட்டுக்கொண்டு, பத்து நிமிடமாவது உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் நிமிடத்தில் எல்லா ஹெட்போனும் சுகமாகத்தான் இருக்கும்.

பெட்டியின் மேல் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எல்லைக்குள் எந்த ஒலி எவ்வளவு தூக்கலாக வரும், எது அமுங்கும் என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயனில்லை. ஓம் கணக்கு மட்டும் பார்க்கத் தக்கது. 32 ஓம் என்றால் கைப்பேசியே போதும். 250, 300 ஓம் என்றால் தனி ஆம்ப்ளிஃபையர் தேவைப்படும். "7.1 சரவுண்ட்" என்பது பெரும்பாலான ஹெட்போன்களில் மென்பொருள் செய்யும் வித்தை. இடப்பக்கம் எழும் ஒலி இடக்காதுக்கு வந்து, அதிகம் போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான நேரம் கழித்து வலக்காதுக்கு எட்டுகிறது. திசையைக் கண்டுபிடிக்க நம் மூளைக்கு முக்கியமாக உதவுவது இந்த வித்தியாசமும், இரு காதுகளிலும் ஒலி கூடிக் குறைவதும்தான். அதை விளையாட்டின் மென்பொருள் சரியாகக் கொடுத்துவிட்டால், இரண்டு காதுக்கு இரண்டு ஒலிபெருக்கி தாராளம்.

கம்பியில்லாதது வேண்டும் என்றுதான் பையன் முதலில் அடம்பிடித்தான். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர வினாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாகும். பாட்டுக்குப் பரவாயில்லை, கேமில் காலடி ஓசை கேட்பதற்குள் ஆள் வந்து நின்றுவிடுவான். இதைச் சொன்னதும் தானே கம்பி வைத்ததை எடுத்துக்கொண்டான். தனி யு.எஸ்.பி. ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் தாமதம் குறைவுதான், ஆனால் விலை எங்கள் கணக்கை மீறியது.

கடைசியில் 3,000 ரூபாய்க்குள் ஒன்று அமைந்தது. மூடிய வகை, எடை 230 கிராம், காது முழுவதும் உள்ளே அடங்கும் கிண்ணம், தோல் போன்ற வழவழப்புக்குப் பதில் துணி மெத்தை, கம்பியும் மெத்தையும் கழற்றி மாற்றக்கூடியவை. கடைசியாகச் சொன்னதை நான் அழுத்திக் கேட்டேன். மெத்தை நைந்து போவதற்கும் கம்பி அறுவதற்கும் முழு ஹெட்போனையும் குப்பையில் போடுவது எனக்கு ஒத்துவராது.

வீட்டுக்கு வந்து அதே இசைத்தொகுப்பை வைத்தோம். பழையதில் வைத்ததைவிட வால்யூம் நான்கு கோடு கீழேயே இருந்தது. பேஸ் கிதார் தெளிவாக வந்தது, அது எனக்கும் கேட்டது. அந்தச் சலங்கை ஓசை வரும் இடத்தில் பையன் என் முழங்கையைத் தட்டி, "இப்போ தாத்தா, இப்போ" என்றான்.