வீழ்ந்த பந்தும் வாழ்ந்த மனிதனும்

விளையாட்டு வீரன் ஒருவனுடைய நினைவுகளை இலக்கியத்தோடு சேர்த்தெண்ண நம்மிற் பலர் தயங்குவர். ஓட்டக் கணக்கும் வெற்றி தோல்விகளின் பட்டியலும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கே உரியன என்பது அவர்தம் அபிப்பிராயம். அதனை மறுப்பதற்கு நான் ஒரேயொரு நூலைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன். ‘த குளோரி ஒஃப் தெயர் டைம்ஸ்’ என்னும் அந்நூல் 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ‘அவர்கள் காலத்துப் புகழ்’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

அதனைத் தொகுத்த லோரன்ஸ் ரிட்டர் தொழிலாற் பத்திரிகையாளரல்லர்; நியூயோர்க் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த பேராசிரியர். 1961இல் அவருடைய தந்தையார் காலமானார். பேஸ்போல் ஆட்டத்தின் மாபெரும் வீரனாகிய டை கொப் மறைந்ததும் அதே ஆண்டிலேதான். தந்தையாருடைய இளமைக் காலத்து வீரர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருவதை எண்ணிய ரிட்டர், ஒலிப்பதிவுக் கருவியொன்றைச் சுமந்துகொண்டு 75,000 மைல் அலைந்தார். எஞ்சியிருந்த முதியவர்களைத் தேடிப்பிடித்துப் பேசச் செய்தார். அவர்களுள் 22 பேரின் சொற்களே அந்நூலாயின. அதனால் வந்த வருமானத்தையும் அவர் அம்முதியோருடன் பங்கிட்டுக்கொண்டார்.

தேடல் எளிதாயிருக்கவில்லை. சாம் குரோபோர்ட் என்ற வீரனைக் கலிபோர்ணியாவில் நாட்கணக்காகத் தேடி அலுத்த ரிட்டர், சலவை நிலையமொன்றில் தம் உடைகளைத் துவைக்கப் போட்டுவிட்டு அமர்ந்திருந்தார். பக்கத்திலிருந்த முதியவரிடம், “குரோபோர்ட்டை அறிவீரோ?” என்று வினவினார். அம்முதியவரே குரோபோர்ட்! அவர் நிலைநாட்டிய சாதனையொன்று இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஆயினும், அயலில் இருந்தவன் யாரென்று அறியாத நிலைக்குக் காலம் மனிதனைக் கொண்டுவந்துவிடுகிறது.

இங்கு ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸ்போலில் மட்டை பிடிப்பவன் பந்தை அடித்துவிட்டு, சதுரத்தின் மூலைகளிலுள்ள தளங்களைச் சுற்றியோடிப் புறப்பட்ட இடத்துக்கு மீண்டாற்றான் ஓர் ஓட்டம் கிடைக்கும். எல்லே ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உயரே எழுந்த பந்தை நிலத்தில் விழாமற் பிடித்துவிட்டால் அடித்தவன் ஆட்டமிழப்பான் என்பது கிரிக்கெட்டிற் போலவே இங்கும் விதி.

நூலிற் பேசுவோருள் என் மனத்தை மிகவும் பற்றிக்கொண்டவர் பிரெட் ஸ்னொட்கிராஸ். நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியில் நடுக்களம் காத்தவர் அவர். 1912ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, பொஸ்டன் நகரில் உலகத் தொடரின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. அதுவரை இரு அணிகளும் மும்முறை வென்றிருந்தன. ஓர் ஆட்டம் முடிவின்றி நின்றது. இறுதி ஆட்டத்தின் பத்தாவது சுற்றில் ஜயன்ட்ஸ் ஓர் ஓட்டம் பெற்று முந்திக்கொண்டது. வெற்றி கைக்கெட்டிய வேளை. அப்பொழுது பொஸ்டன் வீரன் ஏங்கிள் அடித்த பந்து நடுக்களத்தை நோக்கி உயர்ந்து வந்தது. சிறுவனும் பிடிக்கத்தக்க பந்து. ஸ்னொட்கிராஸின் கையிற் பட்டு, அது கீழே விழுந்தது.

அடுத்த பந்து நெடுந்தூரம் பறந்தது. எவராலும் பிடிக்கவியலாது என்று கருதத்தக்க அதனை அதே ஸ்னொட்கிராஸ் ஓடிப் பிடித்தார்! அதன்பின் பந்தெறிந்த மத்யூசன் நன்றாக எறியாது ஒருவனைத் தளத்துக்கு அனுப்பினார். எல்லைக்கோட்டுக்கு வெளியே எழுந்த எளிய பந்தொன்று, யார் பிடிப்பது என்ற குழப்பத்தில் மூவரிடையே விழுந்தது. பொஸ்டன் இரண்டு ஓட்டங்கள் பெற்று வென்றது. தவறியவர் பலர், ஆயினும் ஊர் நினைவில் நின்றது முதலில் வீழ்ந்த பந்து ஒன்றே. வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் கிடைத்த பரிசுப் பணத்தின் வேறுபாட்டைக் கணக்கிட்டு, ‘30,000 டொலர்த் தவறு’ என்று அதற்குப் பெயரும் சூட்டினர்.

நிற்க. அணியின் தலைவர் ஜோன் மக்ரோ கடுஞ்சொல்லுக்குப் பேர்போனவர். அவர் ஸ்னொட்கிராஸைக் குறைகூறவில்லை. சம்பளத்தை உயர்த்தி அணியிலே வைத்துக்கொண்டார். ஸ்னொட்கிராஸ் 1916வரை ஆடி ஓய்வு பெற்றார். பின்னர் கலிபோர்ணியாவில் வர்த்தகராய், ஒக்ஸ்னார்ட் நகரின் மேயராய், தோட்டக்காரராய்ப் பல்லாண்டு மதிப்புடன் வாழ்ந்தார். ரிட்டரின் கருவிக்கு முன்னே அவர் தம் தவறை மறைக்கவுமில்லை, அதற்காக மன்றாடவுமில்லை. பந்து விழுந்தது, அவ்வளவே. அரைநூற்றாண்டுக்குப் பின்னரும், அறிமுகமாகும் மனிதர் அதைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, மனம் நோகுமோ என்று அஞ்சி நிறுத்திக்கொள்வதை மட்டும் அவர் சொல்லிவைத்தார்.

1974இல், தம் 86ஆம் வயதில், அவர் காலமானார். ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையின் தலைப்பு, அவர் பெயரையும் வயதையும் கூறி, 1912இல் பந்தைத் தவறவிட்டவர் என்பதையும் அங்கேயே கூறிற்று. ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் ஒரு கணத்துள் அடைபட்டுவிட்டது!

பேசச் சந்தர்ப்பம் கிடையாமலே போனவனின் நிலை இதனினும் துயரமானது. ஸ்னொட்கிராஸின் அணித் தோழராகிய பிரெட் மேர்க்கிள் அத்தகையவர். 1908 செப்டெம்பர் 23இல், சிக்காகோ கப்ஸ் அணிக்கு எதிராக, வெற்றி ஓட்டம் வந்துவிட்டதெனக் கருதிச் சனங்கள் களத்துட் புகுந்தனர். 19 வயதினரான மேர்க்கிள், அக்கால வழக்கப்படி இரண்டாந் தளத்தைத் தொடாமலே திரும்பிவிட்டார். எழுத்திலிருந்த விதி அன்று கண்டிப்பாகக் கையாளப்பட்டது, ஓட்டம் செல்லாதாயிற்று. பின் நடந்த மறு ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் தோற்று, அவ்வாண்டின் முதலிடத்தை இழந்தது. ‘மரமண்டை’ என்னும் பொருள்படும் பட்டம் அந்த இளைஞனை ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. 1912இல் ஜயன்ட்ஸை முந்தச் செய்த அந்த ஓட்டம் மேர்க்கிளின் அடியால் வந்ததே. பந்து வீழாதிருந்தால் பழி தீர்ந்திருக்கும். மேர்க்கிள் 1956இற் காலமானார். ரிட்டரின் கருவி அவர் வாசலை அடையவில்லை.

ஆனால் அவருக்காக இன்னொருவர் பேசினார். 1908இல் அந்த வெற்றிப் பந்தை அடித்தவர் அல் பிரிட்வெல். முதுமையில் அவர் ரிட்டரிடம் கூறியது இதுதான்: அன்று நான் அடிக்காமலே ஆட்டமிழந்திருக்கலாம்; மேர்க்கிளுக்கு நேர்ந்த அநியாயமான அவமானமாவது நேராதிருக்கும். தன் வீரத்தின் உச்சக் கணத்தையே தோழனுக்காக வேண்டாமென்று சொல்லும் இந்த நெஞ்சம் எந்த ஓட்டக் கணக்கிற் பதிவாகும்?

நினைவு எப்பொழுதும் நம்பத்தக்கதன்று என்பதையும் கூறவேண்டும். அந்நூலிற் பேசிய ரூப் மார்க்வார்ட்டின் கதையிற் சில பகுதிகள் உண்மைக்குப் பொருந்தாதவை என்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஆகவே முதியோர் சொல்லை ஏடுகளோடு ஒப்புநோக்குதல் சரித்திர மாணவர் கடமை. ஆயினும், என்ன நடந்தது என்று ஏடு சொல்லும். நடந்ததன் பின் ஒருவன் அதனோடு எவ்வாறு வாழ்ந்தான் என்பதை அவன் வாயாலன்றி அறிய வழியில்லை. இலக்கியத்துக்கு வேண்டியது இந்த இரண்டாவது செய்தியே. முதியோர் இருக்கும்போதே அவர்களிடஞ் சென்று கேட்கவேண்டும் என்பதுதான் அந்தப் பேராசிரியர் தம் 75,000 மைல் பயணத்தால் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.